மோந்து பார்த்துச் சொல்லு

காலையில் நான் தையல் மிஷினில் நூல் கோக்க உட்கார்ந்தால் போதும், எதிர்வீட்டுக் கதவு திறக்கும். அடுத்து எங்கள் கதவு. தட்டுவதெல்லாம் கிடையாது. ஒரு கையில் கரண்டி, கீழே சிந்தாமல் ஏந்திய இன்னொரு கை, நேராக என் மூக்கருகே வந்து நிற்கும்.

"மோந்து பாத்துச் சொல்லு. வாசம் எப்படி?"

"நல்லா இருக்குக்கா."

"நல்லா இருக்குன்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க. என்ன நல்லா இருக்கு? பெருங்காயம் தெரியுதா, இல்ல கருவேப்பிலைதான் முன்னாடி நிக்கிதா?"

வெறும் வயிற்றில் இருக்கும் எனக்கு எது முன்னால் நிற்கிறது, எது பின்னால் நிற்கிறது என்றெல்லாம் பிரித்துச் சொல்லத் தெரியாது. எதையாவது உளறுவேன். அக்கா அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, வந்த வேகத்தில் திரும்பிப் போவார். கன்னத்தில் பூசிய தனாக்கா மரப்பட்டைச் சாந்து பாதி காய்ந்தும் பாதி காயாமலும் இருக்கும். நெற்றியில் குங்குமம் மட்டும் என்றைக்கும் நேராக இருக்கும்.

"கேட்டு வாங்கிச் சாப்பிடறவங்கள பாத்திருக்கேன், கேட்டு வாங்கிப் புகழ்ச்சி சாப்பிடறவங்க இவங்கதான்" என்பார் என் கணவர். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ருசியாகச் சமைப்பவர்களுக்கு அந்த அளவு கர்வம் இருக்கத்தான் செய்யும் என்று நினைத்தேன்.

யாங்கூன் டவுன்டவுனில் எங்களுடையது நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழ்நுனியில் ஒரு கிளிப், மேல்நுனியில் ஒரு சின்ன மணி. காய்காரி கீரைக்கட்டைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், நாம் தூக்கிக்கொள்ளலாம். எங்கள் கட்டிடத்திலேயே அதிகம் அடித்தது அக்காவின் மணிதான். எங்கள் லத்தா பேட்டையின் மொத்தக் கடைகளுக்கும் சுற்றுவட்டார ஆபீஸ்களுக்கும் மதியச் சாப்பாடு அவருடையது. அடுக்குக் கேரியர்களை அவர் வீட்டுக்காரர் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஒரே மகள் மலேசியாவில் வேலை. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். கேரியர் நின்றால் அடுப்பும் நிற்கும் என்கிற குடும்பம்.

அக்காவுக்கு எதையும் நாலு பேரிடம் கேட்காமல் செய்ய வராது. துடைப்பம் வாங்கினால்கூடக் கேட்பார். "கேட்டுக்கிட்டா என்ன குறைஞ்சா போயிருவோம்?" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை. ஆனால் கேட்டபடி செய்வாரா என்றால், அது வேறு விஷயம்.

மின்சாரம் வருவதும் போவதும் அதன் இஷ்டம் என்று ஆன பிறகு, ஊரில் எல்லாருக்கும் ஒரே பேச்சு அடுப்புதான். கரண்ட் அடுப்பை நம்பினால் பட்டினி. விளக்கு எரியத் தொடங்கும் நொடியில் தெரு முழுக்க "மீ லாபி!" என்று கத்துவார்கள், கரண்ட் வந்துவிட்டதாம். கத்தி முடித்து அரிசி களைவதற்குள் போய்விடும். கரி அடுப்பு வைத்தால் சாம்பல் பறந்து மேல்வீட்டுத் துணியில் உட்காரும், சண்டை வரும். மிச்சம் இரண்டுதான்: ஒன்று மண்ணெண்ணெய், எங்கள் ஆட்கள் இன்னும் சீமெண்ணெய் என்றுதான் சொல்வோம், இல்லாவிட்டால் கேஸ்.

நாங்கள் கேஸ் வாங்கினோம். மேல்வீட்டிலும் வாங்கினார்கள். மலேசியாவிலிருந்து மகளும் தினம் போன் போட்டுக் கேஸ் வாங்கச் சொன்னாள். அக்கா மட்டும் படிக்கட்டில் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி, "சீமெண்ணெய் நல்லதா, கேஸ் நல்லதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

என் கணவர் கேஸ் என்றார். "நாலு மாடி அந்த இரும்பை யாரு தூக்கறது?" என்றார் அக்கா. கடைக்காரரே தூக்கி வந்து மாட்டிவிடுவார் என்று சொன்னோம். கடைக்காரரிடம் போய், "நடுவுல தீந்துபோனா எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவர், தூக்கிப் பார்த்தால் கனத்தில் தெரியும் என்றார். மூன்றாவது மாடி டோ டின், வாயைத் திறந்தால் தெரு முனைவரை கேட்கிற பர்மியப் பெண்மணி, கேஸ் என்பது சிலிண்டருக்குள் அடைத்த பேய் என்றார். அந்த ஒரு பதிலை மட்டும் அக்கா பத்திரமாக வைத்துக்கொண்டார்.

கடைசியில் ஒரு நாள் என்னிடம், "இங்க பாரு, சீமெண்ணெய் ஒழுகினா தரை ஈரமாகும். கண்ணுக்குத் தெரியும். இது ஒழுகினா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாத்தம் வருமேக்கா! அதுக்குத்தான அதுல நாத்தத்தையே கலந்து விக்கிறான்."

அக்கா அன்று சாயங்காலமே திரி போட்ட சீமெண்ணெய் அடுப்பு இரண்டு வாங்கி வந்துவிட்டார். பிடிவாதம் என்று நாங்கள் முடிவு கட்டினோம்.

கொஞ்ச நாளில் கேரியர்கள் பாதிச் சோற்றோடு திரும்பத் தொடங்கின. முதலில் அக்கா ஆபீஸ்காரர்களுக்கு வயிறு சரியில்லை என்றார். பிறகு வெயில் என்றார். ஒரு மத்தியானம் கரண்டி இல்லாமல், ஒரு கிண்ணத்தில் வெறும் சோறோடு வந்தார். வந்தவர் நிற்காமல் என் துணி மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"உண்மையச் சொல்லு."

கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோவதற்குள்ளாகவே வந்துவிட்டது. "சீமெண்ணெய் வாடை அடிக்குதுக்கா."

"லேசாவா?"

"லேசா இல்ல."

திரி சரியாக இல்லை, அடுப்பை அணைக்கும்போது கிளம்பும் புகை மூடாத பானைக்குள் இறங்கியிருக்கிறது. அதெல்லாம் பிறகு பார்த்துத் தெரிந்துகொண்டது. அப்போது எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. "இவ்ளோ அடிக்குதே, உங்களுக்குத் தெரியலையா?"

அக்கா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு எதுவும் தெரியாதுடி. அந்தக் காய்ச்சலோட போச்சு."

அந்தப் பெரிய காய்ச்சல் வந்த மழைக்காலம் எங்கள் கட்டிடத்தில் யாருக்கும் மறக்காது. மாடிக்கு மாடி படுத்துக் கிடந்தோம். எல்லாருக்கும் மூக்கு செத்துவிட்டது. எழுந்து நடமாடத் தொடங்கியபோது டோ டின் ஒரு வேலை செய்தார். கதவைத் திறந்து வைத்து நப்பி வறுத்தார். நப்பி என்றால் மீனை அரைத்துப் புளிக்கவைத்த விழுது. அதை வறுத்தால் தெருவே மூக்கைப் பிடிக்கும். அன்றைக்கு யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு மாடியிலிருந்தும் "வந்துருச்சு! எனக்கு வந்துருச்சு!" என்று சத்தம். நானும் கத்தினேன். அழுகையே வந்தது. நாற்றத்தை முகர்ந்து ஒரு கட்டிடமே சந்தோஷப்பட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

எதிர்க்கதவிலிருந்து அக்காவும், "எனக்கும் வந்துருச்சு" என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"சும்மா சொன்னேன். நாளைக்கு வந்துரும்னு நெனச்சேன். வரவேயில்ல" என்றார். "அப்புறம் எப்படிச் சொல்றது? மூக்கு போன சமையக்காரிகிட்ட யாரு சோறு வாங்குவா?"

"மாமாவுக்குமா தெரியாது?"

"அவருக்குத் தெரிஞ்சா முதல் வாய் வைக்கும்போதே என் மூஞ்சியப் பாப்பாரு. அதைத் தாங்க முடியாது எனக்கு."

உப்பும் புளியும் காரமும் நாக்குக்குத் தெரியுமாம். கடுகு வெடிப்பது காதுக்குத் தெரியும், மல்லி வறுபடுவது கண்ணுக்குத் தெரியும். ஆனால் நெய் கெட்டதா, பருப்பு அடிப்பிடித்ததா, பெருங்காயம் ஏறியதா என்பதற்கெல்லாம் ஒரு மூக்கு வேண்டும். அந்த மூக்குக்காகத்தான் அவர் தினம் கரண்டியோடு வந்தது. கர்வம் என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

"சீமெண்ணெய்ல சோறு கெடுது. கேஸ்ல வீடே போயிரும். ரெண்டுக்கும் காவல் மூக்குதான். அது இல்லாதவ எதைத்தான் வாங்கறது, சொல்லு" என்றார் அக்கா. முதல் தடவையாக அந்தக் கேள்வியை நிஜமாகவே கேட்டார் என்று தோன்றியது.

"கேஸ் வாங்குங்க. உங்க மூக்கு எதிர்வீட்ல இருக்குன்னு வச்சுக்குங்க" என்றேன்.

கேஸ் வந்தது. மாட்டிக் கொடுத்த ஆள், சோப்பைத் தண்ணீரில் கரைத்து ரெகுலேட்டர் வாயில் தடவிக் காட்டினார். ஒழுகினால் அங்கே குமிழி கிளம்புமாம். அக்காவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "கண்ணுக்குத் தெரியுது! கண்ணுக்குத் தெரியுதுடி!" என்று என் தோளை உலுக்கினார். அன்றிலிருந்து தினமும் அடுப்பு பற்றவைக்கும் முன்னால் சிலிண்டர் கழுத்துக்குச் சோப்பு நுரை பூசுவார். சாமிக்குச் சந்தனம் வைப்பது போல அத்தனை பொறுமை.

சோப்பு ஒரு பக்கம் இருக்க, நானும் வேண்டும். தெருக்கயிற்றிலிருந்து மணியைக் கழற்றி, அவர் சமையலறை ஜன்னலிலிருந்து எங்கள் வீட்டுக்குள் ஒரு கயிறு இழுத்து அதன் நுனியில் கட்டினார். மணி அடித்தால் நான் போய் முகர வேண்டும். காய்காரி கீழே நின்று தொண்டை கிழியக் கத்துவாள், அக்கா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

எனக்கு "மூக்கு" என்றே பெயர் வைத்துவிட்டார். "ஏய் மூக்கு, வா" என்று கூப்பிடுவார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதனால்தான் அந்தப் பெயர் என்று இரண்டு வீட்டு ஆண்களும் நினைத்துச் சிரித்தார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

வேலை முடிந்த பிறகு சில நாள் சும்மா உட்கார்ந்து கேட்பார். "இன்னிக்கு மழை வந்துச்சே, மண்ணு வாசம் வந்துச்சா?" தார் ரோட்டில் ஏது மண்வாசம்? சாக்கடையும் ஈரத் துணியும்தான். ஆனாலும் வந்தது என்பேன். பூக்காரியிடம் மல்லிகை வாங்கினால் என் தலையில் வைத்துவிட்டு, "சொல்லு, எப்படி இருக்கு?" என்பார். நானும் சொல்லத் தொடங்கினேன். அதுவரை மல்லிகையை நான் ஒழுங்காக முகர்ந்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த மத்தியானங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு அவர் மேல் அவ்வளவு ஆசையாக இருக்கிறது.

டூரியான் காலத்தில்தான் அது நடந்தது. கீழே தெருவில் வண்டி வண்டியாக டூரியான், பலா போல முள்தோலும் ஊரைக் கூட்டும் நாற்றமும் உள்ள பழம். எனக்குக் கடும் ஜலதோஷம். மணி அடித்தது, போனேன்.

"அக்கா, இன்னிக்கு மூக்கு அடைச்சிருக்கு. ஒண்ணும் தெரியல."

"நல்ல நாள் பாத்து அடைச்சிருக்கு. காலையிலதான் புது சிலிண்டர் மாத்தினாங்க." சிலிண்டர் கழுத்தில் நுரை பூசியிருந்தார். குமிழி ஒன்றும் இல்லை. கரண்ட் இல்லாததால் அறை மங்கலாக இருந்தது. மழைச்சாரலுக்காக ஜன்னலைச் சாத்தியிருந்தார். கேரியருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அடுப்பின் மேல் குக்கர் ஏறிவிட்டது. அக்கா லைட்டரைக் கையில் எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து டோ டின் மூச்சு வாங்க மாடியேறி வந்து, வாசலில் நின்று, முகமெல்லாம் சிரிப்பாக பர்மியத்தில் கேட்டார்:

"டூரியான் வாங்கியிருக்கியாமே! படிக்கட்டு பூரா மணக்குது. எனக்கு ஒரு சொளை வச்சிருக்கியா?"

அக்காவின் கை அப்படியே நின்றது.

"நான் டூரியான் வாங்கலையே" என்றார்.

"பொய் சொல்லாத. மேல்வீட்டுக்காரிகூடச் சொன்னா, நாலாவது மாடில நல்ல பழமா வாங்கியிருக்காங்கன்னு. இவ்ளோ பக்கத்துல நிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

நல்ல மூக்கு உள்ள ஒரு கட்டிடமே அதை முகர்ந்து, பழம் என்று சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது. மூக்கில்லாத அக்காவுக்குத்தான் அது பழமில்லை, கேஸ் என்று உடனே விளங்கியது. லைட்டரை மெதுவாக என் கையில் வைத்தார். குனிந்து வால்வைத் திருகினார். "ஜன்னலைத் திற. எல்லாத்தையும் திற" என்றார். திறந்துகொண்டே திரும்பினேன். அவர் வாசல் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்.

"எங்கக்கா?"

"கரண்ட் வந்துருச்சுன்னா? பிரிட்ஜு, பம்ப்பு, எல்லா சுவிட்சும் போட்டபடி கெடக்குடி!"

வாசலுக்கு மேல் இருந்த மெயின் சுவிட்சை எட்டிக் கீழே இழுத்தார். எங்கள் இருவரையும் கையைப் பிடித்துப் படிக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு இறங்கினார். மூன்றாவது மாடிக்கு வந்து நின்று மூச்சு விட்டதுதான் தாமதம், தெரு முழுக்கச் சத்தம் எழுந்தது. "மீ லாபி! மீ லாபி!"

டோ டின் வீட்டு விளக்கு எரிந்தது. மேலே அக்கா வீட்டில் எதுவும் எரியவில்லை. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு கடைக்காரர் வந்து பார்த்தார். ஒழுகியது சிலிண்டர் கழுத்தில் இல்லை. அடுப்புக்குப் பின்னால், குழாயின் மறுநுனியில். அங்கே யாரும் சோப்புப் பூசவில்லை.

டோ டின்னுக்கு மெல்ல மெல்ல எல்லாம் புரிந்து, கடைசியில் ஒன்று மட்டும் புரியாமல் கேட்டார். "இவளுக்கு ஜலதோஷம், சரி. நீ அங்கயேதான நின்ன? உனக்கு ஏன் வாடை வரல?"

ஜலதோஷம் என்று அக்காவும் சொல்லியிருக்கலாம். நான் அதைச் சொல்லப்போகிறார் என்றுதான் எதிர்பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார், படிக்கட்டில் கூடிவிட்ட மேல்வீட்டு, கீழ்வீட்டு முகங்களைப் பார்த்தார். சைக்கிளைத் தெருவில் போட்டுவிட்டு ஓடிவந்து நின்ற வீட்டுக்காரரையும் பார்த்தார்.

"எனக்கு மூக்கே கிடையாது டோ டின்" என்று பர்மியத்தில் சத்தமாகச் சொன்னார். "அந்தக் காய்ச்சல்லயே போயிருச்சு. நீ நப்பி வறுத்தப்ப நான் சொன்னது பொய்."

ஊருக்கே தெரிய வேண்டுமென்றால் டோ டின்னிடம் சொன்னால் போதும். தெரிந்தே சொன்னார். "இத்தன பேரு குடியிருக்கற கட்டிடம். இனிமே என் கேரியர் பொழப்ப மட்டும் பாத்தா முடியுமா?" என்று என்னிடம் தமிழில் முனகினார்.

அன்று கேரியர் போகவில்லை. சாயங்காலம் வீட்டுக்காரர் தட்டில் ரசத்தை ஊற்றி, வாயில் வைக்காமல் முதலில் முகர்ந்திருக்கிறார். "சீரகம் கூடுதல்" என்றாராம். அவ்வளவுதான். அக்கா அதை என்னிடம் சொல்லும்போது அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவை.

ஒரு ஆபீஸ் கேரியரை நிறுத்திவிட்டது. மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. டோ டின் மட்டும் தன் கடமையாக நினைத்து, காலையில் ஒரு முக்காலியோடு படி ஏறி வந்துவிடுவார். எந்தப் பாத்திரத்தை முகர்ந்தாலும் அவருக்கு ஒரே தீர்ப்புதான்: "நல்லாருக்கு. கொஞ்சம் நப்பி போட்டா இன்னும் நல்லாருக்கும்." சாம்பாருக்கும் அதுவே, பாயசத்துக்கும் அதுவே. அதனால் என் வேலை போகவில்லை.

பிறகு அக்கா வீட்டுக்காரருக்கு சைக்கிள் மிதிக்க முடியாமல் போனது. மகள் இருவரையும் மலேசியாவுக்கே கூட்டிக்கொண்டாள். போகிற அன்று அக்கா கயிற்றை அவிழ்க்க வந்தார். நான் வேண்டாம் என்றேன். எதிர்வீட்டில் இப்போது யாரோ ஒரு இளம் தம்பதி, மணி எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது. காற்றடித்தால் அது தானாக அடிக்கும். எனக்கு எழுந்திருக்கத் தோன்றும்.

போன வாரம் வீடியோவில் கூப்பிட்டார். மகள் வீட்டு அடுப்பைக் காட்டினார். கண்ணாடிப் பலகை போல இருந்தது. "சீமெண்ணெயும் இல்ல, கேஸும் இல்ல. தீயே இல்லாம எரியுதாம்" என்று அலுத்துக்கொண்டார். "யாருகிட்டயும் எதுவும் கேக்கவே வேண்டியதில்ல இங்க."

பிறகு திரும்பி, ஒரு கரண்டி எடுத்து, கீழே சிந்தாமல் கையை ஏந்தி, போனுக்கு நேராக நீட்டினார். திரை முழுக்கக் கரண்டிதான் தெரிந்தது.

"மோந்து பாத்துச் சொல்லு மூக்கு. வாசம் எப்படி?"

நான் போனை முகத்தருகே கொண்டுபோய், நன்றாக மூச்சை இழுத்தேன்.

"பெருங்காயம் கொஞ்சம் தூக்கலா இருக்குக்கா."

"நானும் அதான் நெனச்சேன்" என்றார் அக்கா.